நான் விஞ்ஞானி அல்ல, 45 நாள் பயிற்சிக்குப் போன மாணவி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 23, தேசிய விண்வெளி தினத்தன்று உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் "இஸ்ரோ விஞ்ஞானி ஆன மாங்காய் விவசாயி மகள்" என்று நாலு பத்தியில் ஒரு செய்தி, படத்தோடு வந்தது. அந்த மகள் நான்தான். அப்பா மாங்காய் விவசாயி என்பது உண்மை, காவேரிப்பட்டணம் பக்கம் என்பதும் உண்மை. மீதியைத் திருத்தச் சொல்லித்தான் இந்தக் கடிதம்.

செய்தி வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. எழுதலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். நல்ல மனதோடு போட்ட செய்திக்கு மறுப்பு எழுதினால் திமிர் என்பார்கள். வீட்டிலும் "விடு பாப்பா, பேப்பர்ல பேரு வந்துச்சே, போதாதா" என்றுதான் சொன்னார்கள். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓர் அம்மா வந்துவிட்டுப் போனதிலிருந்து எழுதாமல் இருக்க முடியவில்லை. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் உண்மை. நான் பொறியியலில் இ.சி.இ. (மின்னணு, தொலைத்தொடர்புப் பிரிவு) மூன்றாம் ஆண்டு முடித்து நான்காம் ஆண்டு படிக்கிறேன். இந்த 2025-ஆம் ஆண்டு ஜூன் 9 முதல் ஜூலை 23 வரை, மொத்தம் 45 நாள், பெங்களூரு பீன்யாவில் உள்ள, செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையத்தில் பயிற்சி மாணவியாக இருந்தேன். அவ்வளவுதான். வேலை கிடைக்கவில்லை, சம்பளம் கிடையாது, "கைநிறையச் சம்பளம்" என்று எழுதியது யார் சொல்லி என்று எனக்குத் தெரியும், அவர் என் மாமா. நிசார் செயற்கைக்கோளை ஏவிய குழுவில் இருந்ததாகவும் போட்டிருந்தீர்கள். நிசார் ஏவப்பட்டது ஜூலை 30, மாலை 5.40-க்கு, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. அந்த நேரத்தில் நான் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் அப்பாவோடு உட்கார்ந்து, அவருடைய போனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், நடுவில் இரண்டு முறை நெட் வேறு நின்றுவிட்டது. பயிற்சி முடித்து வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

மாமா பாதி, உங்கள் செய்தியாளர் பாதி என்று வைத்துக்கொள்வோம். அந்த அண்ணன் என்னிடம் ஒரு போன் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும் விஷயம்.

செய்தி வந்த மறுநாள் ஊர் முனையில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். என் பத்தாம் வகுப்பு பாஸ்போர்ட் சைஸ் படம், பக்கத்தில் நாசாவின் முத்திரை, பின்னால் நெருப்பு கக்கிக்கொண்டு கிளம்பும் அமெரிக்க விண்வெளி ஓடம். அந்த ஓடம் கடைசியாகப் பறந்தது 2011-ல், அப்போது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். நிசார் நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது என்பதால் நாசா முத்திரை வந்திருக்கும் போல. ஃபிளெக்ஸ் அச்சடித்தவரைக் குறை சொல்லவில்லை, "ராக்கெட்" என்று தேடினால் அதுதான் முதலில் வரும். இப்போது அந்த ஃபிளெக்ஸ் எங்கள் ராகித் தாள் போரின் மேல் மழைக்குப் போர்த்தியிருக்கிறது, நல்ல கனம், ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

அப்புறம் தரகர் வந்தார், "மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறார், பொண்ணுக்கும் அங்கேயே நாசாவில் மாற்றல் கேட்டுக்கலாம்" என்றார். ஜூன், ஜூலையில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தாரே, அவரைப் பார்த்தாயா என்று சித்தி கேட்டார். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குத்தான் சிரிக்க முடியவில்லை. ஊத்தங்கரை பக்கத்திலிருந்து ஓர் அம்மா, பிளஸ் டூ முடித்து முதலாண்டு பொறியியல் சேர்ந்திருக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு, உங்கள் செய்தியை வெட்டி மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே கேட்டது இதுதான்: "நீங்க எவ்வளவு கட்டினீங்க கண்ணு? எங்ககிட்ட ஒருத்தரு இருவத்தஞ்சாயிரம் கேக்குறாரு. முன்பணம் அஞ்சாயிரம் குடுத்துட்டோம்." அந்த ஒருத்தர் உங்கள் செய்தியைக் காட்டித்தான் கேட்டிருக்கிறார், இந்தப் பெண்ணும் நான் சேர்த்துவிட்டவள்தான் என்று. அவரை எனக்கு முன்பின் தெரியாது.

ஆகவே இந்தக் கடிதம் நீளம் என்று நீங்கள் எதை வெட்டினாலும் அடுத்த பத்தியை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

இஸ்ரோவில் பயிற்சி மாணவராகச் சேர ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. எந்த ஏஜென்ட்டும் கிடையாது. விதிமுறை இஸ்ரோவின் இணையதளத்திலேயே இருக்கிறது, அந்தந்த மையம் இடம் இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் இல்லை. மதிப்பெண் 60 சதவீதம், அல்லது பத்துக்கு 6.32 சி.ஜி.பி.ஏ. இருக்க வேண்டும், கல்லூரியிலிருந்து கடிதம் வேண்டும். இன்டர்ன்ஷிப் அதிகபட்சம் 45 நாள். இதைத் தவிர மாணவர் பிராஜெக்ட் என்று இன்னொரு திட்டம் இருக்கிறது, அதில் பொறியியல் மாணவர்கள் ஆறாவது செமஸ்டர் முடித்திருக்க வேண்டும். உதவித்தொகை தரமாட்டார்கள். பயிற்சி முடித்தால் வேலை என்பதும் இல்லை, வேலைக்கு அவர்கள் தனியாக அறிவிப்பு போடுவார்கள், பொறியியல் பட்டதாரி விஞ்ஞானிப் பணிக்கு 65 சதவீதம் அல்லது 6.84 வேண்டும், அதற்குத் தேர்வும் நேர்காணலும் வேறு. என்னைப் போல 45 நாள் உட்கார்ந்து வந்தவருக்கும் வாசல்பக்கமே போகாதவருக்கும் அங்கே ஒரே வரிசைதான்.

இவ்வளவையும் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, காபி கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கொடுத்த ஐந்தாயிரம் வருமா என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது.

சரி, 45 நாளில் என்னதான் செய்தாய் என்று ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள், நீங்களும் கேட்டிருக்கலாம். நான் போனது ராக்கெட் கட்டும் இடம் அல்ல, ஏவும் இடமும் அல்ல. மேலே போய்விட்ட செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது, நலமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிற இடம். பீன்யா தொழிற்பேட்டைக்கு நடுவில், லேத் பட்டறையும் லாரியும் இரும்புத் தூளுமாக இருக்கும் சாலையில்தான் அந்த மையத்துக்குப் போக வேண்டும். இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவையும், 1975-ல் ஏவினார்களே, இதே பீன்யாவின் தொழிற்பேட்டை ஷெட்களில்தான் கட்டினார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஓசூர் சிப்காட் மாதிரியே இருந்ததால் முதல் நாள் பயம் கொஞ்சம் குறைந்தது.

வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பென் டிரைவ் கூடாது. ஆகவே செல்ஃபி கேட்டவர்கள் மன்னிக்கவும், இல்லை. உள்ளே எனக்கு ஒரு நாற்காலி, ஒரு கணினி, பல வருடத்துக்கு முந்தைய பழைய தரவு கொஞ்சம். ஓடிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோளைப் பயிற்சி மாணவர் கையில் யாரும் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. பியாலாலுவில் உள்ள 32 மீட்டர் ஆன்டெனாவை, சந்திரயானோடு பேசுகிறதே அதை, நான் பார்த்தது சுவரில் மாட்டியிருந்த படத்தில்தான்.

தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோள் வினாடிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர் போகும். காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டு வினாடிகூட ஆகாது, நமக்கு டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஒரு தரை நிலையத்தின் தலைக்கு மேல் அது கடந்து போகிற பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான் அதோடு பேச முடியும், அதை "பாஸ்" என்பார்கள். அதனால்தான் பெங்களூரு, லக்னோ, அந்தமான், மொரிஷியஸ், புருனே, இந்தோனேசியாவின் பியாக் என்று ஆங்காங்கே நிலையம் வைத்திருக்கிறார்கள், ஒருவர் கையிலிருந்து நழுவினால் அடுத்தவர் பிடிக்க. நான்கு வழிச் சாலை ஓரம் நின்றால் நம்மை நோக்கி வரும் பஸ்ஸின் ஹார்ன் கீச்சென்று இருந்து, கடந்து போனதும் சட்டென்று தொய்ந்துவிடும் இல்லையா, செயற்கைக்கோள் அனுப்பும் ரேடியோ அலையும் அப்படித்தான் வரும்போது ஏறி, போகும்போது இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே அது எவ்வளவு வேகத்தில் வருகிறது, போகிறது என்று சொல்லிவிடுவார்கள். மூன்று வருடம் டாப்ளர் விளைவு என்று மனப்பாடம் செய்து எழுதிய எனக்கு அது பஸ் ஹார்ன்தான் என்று புரிந்தது அங்கே போய்.

பேசுகிற அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் செயற்கைக்கோள் தன் உடம்பு விவரத்தையும் சேர்த்துக் கொட்டும். பேட்டரி எவ்வளவு, எந்தப் பக்கம் எவ்வளவு சூடு, சூரியத் தகட்டிலிருந்து எவ்வளவு மின்சாரம் வருகிறது, எல்லாம். யாரும் கேட்காத நேரத்தில் உள்ளே பதிந்து வைத்துக்கொண்டு, நிலையம் வந்ததும் மொத்தமாக இறக்கும். இதற்கு டெலிமெட்ரி என்று பெயர். எனக்குக் கொடுத்த வேலை, அந்தப் பழைய டெலிமெட்ரியைப் பைதான் என்ற கணினி மொழியில் படித்து, சூரியத் தகட்டு மின்சாரம் வரும் நேரமும் செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போய்வரும் நேரமும் ஒத்துப்போகிறதா என்று வரைபடம் போட்டுக் காட்டுவது. 95 நிமிடத்துக்கு ஒரு சுற்று, அதில் சுமார் 35 நிமிடம் நிழல். நிழலுக்குள் தகடு தூங்கும், பேட்டரியில் ஓடும். வெளியே வந்ததும் தகடு விழிக்கும்.

மூன்றாவது வாரம் நான் ஒரு பெரிய கண்டுபிடிப்பு செய்தேன். என் வரைபடத்தில் செயற்கைக்கோள் நிழலுக்குள் இருக்கும்போது தகடு முழு வீச்சில் மின்சாரம் தந்தது. வெயிலுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் சுத்தமாக நின்றது. ஒரு சுற்றில் அல்ல, எல்லாச் சுற்றிலும். நாலு நாள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன், அதேதான். தகட்டில் கோளாறு, அதை யாருமே கவனிக்கவில்லை, நான் கவனித்துவிட்டேன் என்று இரவு தூக்கம் வரவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து, ரகசியம் சொல்லக்கூடாது, ஆனால் பெரிய விஷயம் ஒன்று என்று மட்டும் சொன்னேன். (மாமாவுக்கு அதை யார் சொன்னது என்பது இப்போது புரிகிறது.)

மறுநாள் எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடத்திடம் காட்டினேன். அவர் தமிழ்தான், அதனால் திட்டும் தமிழில்தான் கிடைத்தது. வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நிழல்ல கரண்ட் தயாரிக்கிற செயற்கைக்கோளைக் கண்டுபிடிச்சிருக்கே. நோபல் பரிசுக்கு எழுதிப் போடலாமா, இல்ல முதல்ல உன் கடிகாரத்தைப் பாக்கலாமாம்மா?" என்றார்.

கடிகாரம்தான். விண்வெளிக் கணக்கெல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், யூ.டி.சி. என்பார்கள். நமக்கு அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நான் நிழல் கணக்கை யூ.டி.சி.யில் விட்டுவிட்டு, டெலிமெட்ரியை மட்டும் இந்திய நேரத்துக்கு, அதாவது ஐ.எஸ்.டி.க்கு, மாற்றியிருந்தேன். ஐந்தரை மணி என்பது 330 நிமிடம். மூன்று சுற்றுக்கு 285 போனால் மிச்சம் 45 நிமிடம், அந்த 45 நிமிடம் நகர்ந்ததில் இருட்டு முழுக்க வெயிலிலும் வெயில் இருட்டிலுமாக விழுந்துவிட்டது. ஒரே ஒரு வரியை எடுத்தேன், எல்லாம் சரியாக உட்கார்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேடம் சிரித்துவிட்டு, "இங்க எல்லாரும் ஒரு தடவை இதைச் செஞ்சவங்கதான், நீ சீக்கிரமே செஞ்சுட்டே" என்று சொல்லி, இனி எந்த நேரத்தை எழுதினாலும் பக்கத்தில் எந்த நேரம் என்று சேர்த்து எழுதச் சொன்னார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை, அம்மாவின் பால் கணக்கு நோட்டில்கூட "காலை 6, ஐ.எஸ்.டி." என்று எழுதிவைத்திருக்கிறேன்.

இதுதான் நான் இஸ்ரோவில் செய்தது. சாதனை என்று போட ஒன்றும் இல்லை. ஆனால் படிக்கிற பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும், ஏனென்றால் அங்கே நான் பார்த்த பெரியவர்கள் பாதி நேரம் செய்வது இப்படிச் சரிபார்க்கும் வேலைதான், ஒருவர் போட்டதை இன்னொருவர், அவர் பார்த்ததை மூன்றாமவர்.

இப்போது பணக் கணக்கு. உங்கள் செய்தியில் இது ஒரு வரிகூட இல்லை. பீன்யா பக்கம் பி.ஜி. விடுதியில் சாப்பாட்டோடு மாதம் 7,000, முன்பணம் 3,000, காலி செய்யும்போது அதில் ஆயிரம் பிடித்துக்கொண்டார்கள். பஸ், மெட்ரோ, நோட்டு, காய்ச்சலுக்கு ஊசி எல்லாம் சேர்த்து 18 ஆயிரம் தாண்டியது. தினம் வீட்டிலிருந்து போய்வரக்கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர் என்பது நகர எல்லை வரைக்கும் சரி, அதற்கு அப்புறம் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி ஊரின் அடுத்த மூலையில் இருக்கிறது பீன்யா. நான் முடித்துவிட்டு வந்த அடுத்த மாதமே ஓசூர் சாலையில் உள்ள பொம்மசந்திரா வரை மெட்ரோ விட்டார்கள், என் ராசி அப்படி. நம் மாவட்டத் தலைநகருக்கு ரயிலே இல்லை என்பது தனிக் கடிதம்.

அந்த 18 ஆயிரம் எங்கிருந்து வந்தது? இந்த சீசனில் பெங்களூரா மாங்காய் விலை என்ன ஆனது என்று உங்கள் நாளிதழே பக்கம் பக்கமாக எழுதியது, பறிக்கும் கூலிக்குக் கட்டாமல் மரத்திலேயே விட்டவர்களில் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரரும் ஒருவர். (பெங்களூரா காய் விலை போகாத வருடத்தில் பெங்களூருக்குச் செலவு செய்ய வேண்டியதாயிற்று என்று அப்பா சொல்லிச் சிரிப்பார்.) அம்மா மகளிர் குழுவில் 20 ஆயிரம் கடன் எடுத்தார். இந்த மகளிர் குழுத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியதே 1989-ல் நம் தருமபுரியில்தான், அப்போது கிருஷ்ணகிரியும் அதற்குள் இருந்தது, 2004-ல்தான் பிரிந்தது. புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் ஆயிரம் வருகிறது, அதுவும் உதவியது. குழுக் கடன் இன்னும் ஒன்பது தவணை பாக்கி. "இஸ்ரோ விஞ்ஞானி" வீட்டில் தவணை தள்ளிக் கேட்டால் குழுவில் எப்படிப் பார்ப்பார்கள் என்று அம்மாவுக்கு இப்போது ஒரு சங்கடம், அது உங்கள் செய்தியால் வந்தது.

பணமாவது கடன் வாங்கினோம். என் வகுப்பில் என்னைவிட நன்றாகப் படிக்கும் ஒருத்தி இருக்கிறாள், 8.9 வைத்திருப்பவள். அவளும் நானும் ஒன்றாகத்தான் கல்லூரிக் கடிதத்துக்கு எழுதிக் கொடுத்தோம். அலுவலகத்தில் அது மூன்று வாரம் கிடந்தது. ஒருவர் விடுப்பு, அப்புறம் முத்திரை இல்லை, அப்புறம் வார்த்தை சரியில்லை, வேறு மாதிரி தட்டச்சு செய்து கொண்டுவா. நான் வெட்கமில்லாமல் தினமும் போய் நின்றேன். அவளுக்கு அப்படி நிற்க வராது. அவள் கடிதம் கைக்கு வந்தபோது நேரம் போய்விட்டது. ஒரு தாளில் ஒரு கையெழுத்து. கல்லூரிப் பெயரைச் சொல்லவில்லை, எந்தக் கல்லூரி மாணவரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை சொல்வார். பயிற்சிக்கான கடிதத்தை மூன்று நாளில் தர வேண்டும் என்று ஒரு கட்டாயம் வந்தால் போதும். அதோடு, ஊதியமில்லாத பயிற்சிக்கு வெளியூர் போகிறவர்களுக்குத் தங்கும் செலவையாவது அரசு கொடுத்தால் இன்னும் பத்துப் பேர் இங்கிருந்து போவார்கள்.

பெருமைப்படும்படி செய்தி வேண்டுமென்றால் உண்மையானதே இருக்கிறது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் உள்ள பாறை, நிலாவின் மேட்டு நிலங்களில் உள்ள பாறை வகையைச் சேர்ந்தது. அதைப் பொடித்துப் பெங்களூருவுக்கு எடுத்துப் போய்த்தான் சந்திரயானின் லேண்டரையும் ரோவரையும் சோதித்தார்கள். இங்கிருந்து ஒரே நாளில் போய் வந்துவிடலாம், ஒரு நல்ல படத்தோடு முழுப் பக்கம் போடலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யுவிகா என்று இஸ்ரோவே 2019-லிருந்து ஒரு கோடைப் பயிற்சி நடத்துகிறது, இரண்டு வாரம், போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு, கிராமப்புறப் பள்ளியில் படித்தால் தேர்வில் அதற்குத் தனி மதிப்பெண்கூட உண்டு. விண்ணப்பம் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் வரும். அந்த வாரத்தில் எட்டு வரிச் செய்தி போட்டால் நம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர்கள் யாராவது வெட்டிப் பலகையில் ஒட்டுவார்கள். நான் படித்த பள்ளியில் எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்காது.

திருத்தத்தை மூலையில் சின்னதாகப் போட்டாலும் சரி, ஆனால் கட்டணம் இல்லை, ஏஜென்ட் இல்லை என்பது அதில் இருக்க வேண்டும். ஊத்தங்கரை அம்மா உங்கள் நாளிதழைத்தான் வாங்குகிறார். அப்புறம், தயவுசெய்து பழைய படத்தைத் திரும்பப் போட வேண்டாம், அதில் எனக்கு ஒரு கண் மூடியிருக்கிறது.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு மாணவி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.